தண்ணீரில் கரைந்த குற்றம்: பாலாற்றங்கரையின் வேதியியல்

பாலாற்றங்கரைச் சேரி ஒன்றில் நடந்த கூட்டத்தில் ஒரு மூதாட்டி என்னிடம் கேட்டார்: “இந்தத் தண்ணியில பருப்பு வேகல, சோப்பு நுரைக்கல. இதுக்கு மேல என்ன சோதனை வேணும் வக்கீலய்யா?” அவர் சொன்னது முழுக்க அறிவியல்தான். கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த கடின நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஆனால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் எழுந்து, “எந்தப் பொருள்? எத்தனை மில்லிகிராம்? எங்கிருந்து வந்தது?” என்று கேட்பார். நம் மனுக்களில் பல “நீர் மாசடைந்துள்ளது” என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுவதால், அந்த மூன்று கேள்விகளிலேயே தோற்றுப்போகின்றன. ஆகவே, களத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் வேதியியல் அறிந்திருக்க வேண்டியிருக்கிறது.

தோல் பதனிடும் ஆலையின் கழிவு ஒரே பொருளன்று. அழுகாமலிருக்க உப்பிட்டு வரும் தோலை முதலில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். அங்கே சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு, மிகுதியாக வெளியேறுகிறது. அடுத்து, மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். பிறகு உப்போடு கந்தக அமிலம். இறுதியாக, தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாத தோலாக மாற்றும் குரோமியம் சல்பேட். இட்ட குரோமியம் முழுவதையும் தோல் ஏற்பதில்லை. கணிசமான பங்கு கழிவுநீரோடு போய்விடும். வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவற்றைப் பதிவு செய்திருக்கிறது: குரோம் முறையில் சுமார் 170 வகை வேதிப்பொருட்கள், ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர், பயிரிடத் தகுதியிழந்த நிலம், பகுதியாகவோ முழுமையாகவோ, சுமார் 35,000 ஹெக்டேர்.

குரோமியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஆலையில் பயன்படுவது மூன்று இணைதிற குரோமியம். நீர் சற்றே காரத்தன்மை அடைந்தால் இது ஹைட்ராக்சைடாகி வண்டலாகப் படிந்துவிடும், எளிதில் நகராது. ஆறு இணைதிற குரோமியம் வேறு இயல்புடையது. அது குரோமேட் அயனியாக நீரில் கரைந்தே இருக்கும், நிலத்தடியில் நெடுந்தொலைவு செல்லும். அதன் வடிவம் சல்பேட்டை ஒத்திருப்பதால், சல்பேட்டுக்கென்று உடலின் செல்கள் வைத்திருக்கும் வழியிலேயே உள்ளே நுழைந்துவிடுகிறது. அது புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதிசெய்யப்பட்ட உண்மை. “நாங்கள் பயன்படுத்துவது மூன்று இணைதிறம், அது ஆபத்தற்றது” என்று ஆலைத் தரப்பு வாதிடுவதுண்டு. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் மூன்றை ஆறாக மாற்ற வல்லவை என்பதை அந்த வாதம் மறைக்கிறது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை வளாகத்தின் சிக்கல் இதனினும் நேரடியானது. அங்கே லட்சம் டன்னுக்கும் மேலாகக் கிடந்த கழிவில் ஆறு இணைதிற வகையே இருக்கிறது. ஒவ்வொரு மழையும் அதைக் கழுவி நிலத்தடிக்குக் கொண்டுசென்றது.

குடிநீருக்கான இந்தியத் தரம் மொத்தக் குரோமியத்துக்கு வைக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். நீர் மஞ்சளாகக் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே அந்த வரம்பு பல மடங்கு கடந்துபோயிருக்கும். தெளிவாக இருக்கும் தண்ணீரை நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

சுத்திகரிப்பிலும் இதே வேறுபாடு தொடர்கிறது. ஆறு இணைதிற குரோமியத்தை அமில நிலையில் ஃபெரஸ் சல்பேட் போன்றவற்றால் மூன்றாகக் குறைத்து, பின் சுண்ணாம்பு சேர்த்து வண்டலாக வீழ்த்தலாம். தோலிலிருந்து வரும் புரதம், கொழுப்பு போன்றவற்றை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். உப்பை என்ன செய்வது? அது வீழ்படிவாகாது, நுண்ணுயிரும் தின்னாது. கொதிக்கவைத்தால் நீர் குறைந்து உப்பு இன்னும் செறியும். படிகாரமும் குளோரினும் அதைத் தொடா. மெல்லிய சவ்வின் வழியே அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. முறைதான் நடைமுறையில் வழி. அங்கும் உப்பு அழிவதில்லை, மிச்ச நீரில் செறிவாகத் தங்குகிறது. அதை ஆவியாக்கினால் மிஞ்சும் கலப்பு உப்பை எவரும் வாங்குவதில்லை, மூட்டைகளாய்க் குவிகிறது. மாசு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது. அந்த இன்னோரிடம் யாருடைய குடியிருப்பை ஒட்டியிருக்கிறது என்பதை வேதியியல் தீர்மானிப்பதில்லை.

இன்னொரு வினையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சல்ஃபைடு கலந்த சுண்ணாம்புக் கழிவு கடுங்காரமாக இருக்கும்வரை சல்ஃபைடு நீரிலேயே கிடக்கும். அமிலக் கழிவு அதனுடன் கலந்தால் காரம் இறங்கி, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மேலெழும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு மிகும்போது மூக்கு அந்த நாற்றத்தையே உணராமல் போகிறது. பின் மயக்கம், மரணம். கழிவுத் தொட்டியில் ஒருவர் விழ, தூக்கப்போன இருவரும் மாண்டார்கள் என்று நாம் படிக்கும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த வினை இருக்கிறது. தொட்டிக்குள் இறக்கப்படுபவர் யார் என்று இத்தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தின் ஓட்டையைச் சொல்ல வேண்டும். மலக்குழித் தொழிலாளர்க்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம், சாக்கடைக் குழாயையும் கழிவுத் தொட்டியையும் மனித மலத்தைக் கொண்டே வரையறுக்கிறது. எனவே, “எங்கள் தொட்டியில் மலமில்லை, ரசாயனக் கழிவுதான்” என்று சொல்லி, சாக்கடை மரணங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக உயர்த்திய இழப்பீட்டிலிருந்து ஆலைத் தரப்பு நழுவப் பார்க்கிறது. அந்த வரையறை திருத்தப்படவேண்டும் என்பதே என் கருத்து.

1996 தீர்ப்பு ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக்கியது. 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பளிக்க நேர்ந்தது: அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆலைகளிடமிருந்து வசூலிக்கட்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு கண்காணிக்கட்டும் என்று. இடையில் கழிந்தவை இருபத்தெட்டு ஆண்டுகள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவிலேயே, பட்டியலின மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பது குற்றம் என்ற உட்கூறு இருக்கிறது. ஆலைக் கழிவுக்கு அது பயன்படுத்தப்பட்டதை என் தொழிலில் நான் கண்டதில்லை.

மாதிரி எடுக்கச் செல்பவர்களுக்குச் சில சொற்கள். கையடக்க டி.டி.எஸ். கருவி மின்கடத்தலைக் கொண்டு உப்பின் அளவை மதிப்பிடும், குரோமியத்தைக் காட்டாது. ஆய்வகத்தில் மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறக் குரோமியம், குளோரைடு, சல்பேட், சோடியம், கடினத்தன்மை என்று தனித்தனியே கேளுங்கள். மொத்தக் குரோமியத்துக்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். ஆறு இணைதிறத்துக்கான புட்டியில் சேர்த்துவிடக் கூடாது, அமிலம் அதை மூன்றாக மாற்றிவிடக்கூடும். அதைக் குளிரவைத்து 24 மணி நேரத்துக்குள் ஒப்படையுங்கள். கழிவு விடும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என எடுத்தால்தான் “எங்கிருந்து வந்தது?” என்பதற்கு விடை கிடைக்கும்.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974, பிரிவு 21இன்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுக்கும் மாதிரி, ஆலைக்கு அறிவிப்பு கொடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு அனுப்பப்பட்டால் மட்டுமே சான்றாகும். நாம் எடுக்கும் மாதிரிக்கு அந்தத் தகுதியில்லை. ஆனால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதன்று. நம் ஆய்வறிக்கையைக் காட்டி, முறைப்படி மாதிரி எடுக்க உத்தரவிடுமாறு அங்கே கோரலாம். இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு கால அவகாசம் இருக்கிறது. அந்த மூதாட்டியின் கிணற்றிலிருந்து எடுத்த மூன்று புட்டிகளை அப்படித்தான் அனுப்பியிருக்கிறோம்.