முள்சீத்தாப்பழம்: உணவா, மருந்தா?

நம் வட்டாரத்திலுள்ள இலத்தீன் அமெரிக்க மளிகைக் கடைகளில் 'குவனாபனா' என்னும் பெயரில் விற்கப்படுவது, தமிழ்நாட்டில் நாம் முள்சீத்தா என்றழைக்கும் பழமேயாகும். அதன் இலைப்பொடியும் வில்லைகளும் 'கிராவியோலா' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. இப்பழம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்ற செய்தி பல ஆண்டுகளாக வாட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. அதனை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். ஆகவே, ரவுண்ட் ராக் வாழ் தமிழ் மக்களின் கவனத்திற்குப் பின்வரும் விவரங்கள் தரப்படுகின்றன.

உணவாக

100 கிராம் சதைப்பகுதியில் ஏறத்தாழ 66 கலோரியும், 17 கிராம் மாவுச்சத்தும், 3 கிராம் நார்ச்சத்தும், 20 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் உள்ளன. எப்போதேனும் உண்பதற்கு நல்ல பழம். நீரிழிவு உள்ளோர் இதன் மாவுச்சத்தையும் தம் உணவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விதைகளை நீக்கிவிட வேண்டும்.

'10,000 மடங்கு' என்னும் கூற்று

1996ஆம் ஆண்டில் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முள்சீத்தா விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சேர்மம், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பெருங்குடல் புற்றுநோய் உயிரணுக்களின்மீது அட்ரியாமைசின் மருந்தைவிட 10,000 மடங்கு வீரியத்துடன் செயற்பட்டதாக அறிவித்தனர். சோதிக்கப்பட்டது விதையின் சேர்மம், பழச்சதை அன்று. சோதனை நடந்தது ஆய்வுக்கூடத்தில். மனித உடலில் அன்று. இப்பழமோ இலையோ மனிதரின் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதை எந்த மருத்துவப் பரிசோதனையும் இதுவரை நிறுவவில்லை.

எச்சரிக்கை

இத்தாவரத்திலுள்ள அனோனசின் என்னும் சேர்மம், உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்தியைத் தடுக்கவல்லது. நரம்பணுக்களும் அதற்கு விலக்கல்ல. கரிபியன் தீவான குவாதலூப்பில் காணப்பட்ட, பார்க்கின்சன் நோயை ஒத்த நரம்புக் கோளாற்றுக்கும் இப்பழத்தையும் இலைக் கஷாயத்தையும் உட்கொண்டதற்கும் தொடர்பு இருக்கலாம் என 1999இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு சுட்டியது. அதுவே காரணம் என்று மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும், கஷாயத்தையோ வில்லையையோ நாள்தோறும் உட்கொள்வதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

சட்டம் கூறுவது

1994ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி, ஊட்டச்சத்துத் துணைப்பொருள்கள் விற்பனைக்கு வருமுன் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெறவேண்டியதில்லை. எனவே, ஒரு புட்டி கடையில் இருப்பது அதன் பயனுக்குச் சான்றாகாது. 'நோயைக் குணப்படுத்தும்' என்று கூறி அதனை விற்பதற்கும் சட்டத்தில் இடமில்லை.

தாங்கள் செய்யவேண்டியவை

• மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் எச்சிகிச்சையையும் நிறுத்தாதீர்கள்.
• இவற்றை ஏற்கெனவே உட்கொண்டு வந்தால், புட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்த அழுத்தத்திற்கோ நீரிழிவுக்கோ மருந்துண்போர் இதனைத் தவறாது செய்யவேண்டும்.
• கூட்டரசு நிதியுதவி பெறும் மருத்துவமனைகளில் கட்டணமின்றித் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப்பெறும் உரிமை தங்களுக்கு உண்டு.
• உட்கொண்டபின் உடல்நலக் குறைவு ஏற்பட்டால், நச்சுத்தடுப்பு மையத்தை 1-800-222-1222 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் 911-ஐ அழையுங்கள்.