கையெழுத்து வாங்கினால் சம்மதமா?

பரங்கிப்பேட்டை, புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம் பிரசவம் சிக்கலானால், பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அண்ணாமலை நகர்தான். 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய அங்குள்ள வளாகம் இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடந்தன. அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம். ஆனால், பிரசவ அறைக்குள் தாயின் சொல் எடுபடுகிறதா?

அதே கணக்கெடுப்பில் தமிழகத்தின் சிசேரியன் 44.9 சதவீதம், தனியாரில் 63.8, அரசில் 36. இவற்றில் எத்தனை தேவையானவை என்பதை மருத்துவர்கள் விவாதிக்கட்டும். அறைக்கு வெளியே நிற்கும் கணவரிடமோ மாமியாரிடமோ ‘இங்கே கையெழுத்துப் போடுங்க’ என்று தாளை நீட்டுவது பல ஊர்களிலும் பழகிப்போன காட்சி. வலியில் துடித்தாலும் நினைவோடு இருப்பவளிடம் யாரும் கேட்பதில்லை.

சட்டம் இதை ஏற்கவில்லை. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், அவருடைய தாயிடம் கேட்டுவிட்டு மருத்துவர் அகற்றிய வழக்கில், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது வயதுவந்த நோயாளிக்காக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது என்று 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்ன சிகிச்சை, என்ன பயன், மாற்று உண்டா, ஆபத்து என்ன, மறுத்தால் என்னாகும் என்பதையெல்லாம் நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும்.

தாளே நீட்டப்படாத தலையீடுகளும் உண்டு. பிறப்புறுப்பை வெட்டித் தையல் போடுவதை வழக்கமாக்க வேண்டாம், குழந்தை வெளிவர வயிற்றை அழுத்த வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. நஞ்சுக்கொடி வந்த பத்து நிமிடத்துக்குள்ளேயே காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனத்தைப் பொருத்த முடியும். வைத்ததே தெரியாது, வயிற்றுவலிக்குப் போனபோதுதான் தெரிந்தது என்று சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள்.

ரத்தப்போக்கு நிற்காதபோது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்வது நியாயமே. உயிர்காக்கும் அவசரத்துக்குச் சட்டமும் விலக்குத் தருகிறது. ஆனால் அவசரம்தான் சொல்லாமல் வரும். பிரசவத்துக்கோ மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. தையல், வலி ஊசி, சிசேரியன், காப்பர்-டி பற்றியெல்லாம் ஏழாம் மாதச் செக்கப்பிலேயே கர்ப்பிணியிடம் பேசி, அவள் வேண்டும் என்பதையும் வேண்டாம் என்பதையும் கர்ப்பகாலக் குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். பிரசவத் துணையாக உள்ளே வரும் பெண்ணுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இதற்குப் புதிய கருவியோ கட்டடமோ தேவையில்லை. ஒவ்வொரு தாய்க்கும் பத்து நிமிடம் ஒதுக்கும் அளவுக்குச் செவிலியர்கள் வேண்டும். அரசு செலவழிக்க வேண்டியது அங்கேதான்.