தவணை அதே, ஆண்டுகள் கூடின

துறைமுகத்திலும் எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளிலும் ஒப்பந்தக் கூலிகளாய் உழைக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில், வீட்டுக் கடன் வாங்கும் முதல் தலைமுறை இது. கையெழுத்துப் போடும் பத்திரத்தில் ‘ஃப்ளோட்டிங் ரேட்’ என்று இருக்கும். வட்டி ஏறும், இறங்கும் என்று பொருள்.

2022 மே தொடக்கத்தில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5. பத்து லட்சத்தை 20 ஆண்டுக்கு 7 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 7,753 ரூபாய், 9.5 சதவீதமானால் 9,321. ஆனால் பெரும்பாலும் தவணையைக் கூட்டுவதில்லை, ஆண்டுகளை நீட்டிவிடுகிறார்கள். அதே தொகைதானே போகிறது என்று நாமும் இருந்துவிடுகிறோம். பத்து லட்சத்துக்கு 9.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டியே 7,917. பழைய தவணை வட்டிக்கே காணாது. அசல் எப்படிக் கரையும்? ஓய்வூதியம் இல்லாதவர் 60 வயதுக்கு மேல் எதை வைத்துக் கட்டுவார்?

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்குக் கடிவாளம் போட்டது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும். வட்டிக்கே போதாத தவணையில் கடனை இழுக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு விவரம் தர வேண்டும்.

லாபமும் உண்டு. 2025 பிப்ரவரி முதல் ஜூனுக்குள் ரெப்போ 5.5 ஆக இறங்கியது. 2019 அக்டோபருக்குப் பின் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டது என்பதால், அந்த இறக்கம் மூன்று மாதத்துக்குள் கடன்தாரருக்கு வந்தாக வேண்டும்.

ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு வங்கிக் கடன் கிடைக்கிறது? வாரிய வீட்டுக்கு ஒதுக்கீட்டு ஆணை இருக்கும், கிரயப் பத்திரம் இருக்காது. குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டா இருக்காது, சம்பளச் சீட்டும் இருக்காது. வங்கி கைவிரித்தால் அடுத்த வாசல் வீட்டுக்கடன் நிதி நிறுவனம். அங்கே வட்டி கூடுதல். அந்த ரெப்போ விதியும் அவர்களைக் கட்டுப்படுத்தாது. தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்டவர்கள், பட்டா இல்லாத ஒரே காரணத்துக்காகக் கூடுதல் வட்டியும் கட்டுகிறார்கள். தாட்கோவின் முழுப்பெயரில் ‘வீட்டு வசதி’ என்ற சொல் இன்னும் இருக்கிறது. அது பெயரோடு நிற்பதுதான் வருத்தம்.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது, நிதி நிறுவனமானாலும். போனஸ் வந்தால் அசலில் போடலாம். பத்திரம் சரியானதும் வங்கிக்கு மாற்றலாம்.

படிக்கும் பிள்ளைகள் வீட்டுக் கடன் கணக்கை வாங்கி, மீதி அசலையும் இன்றைய வட்டியையும் மீதித் தவணைகளையும் பாருங்கள். தவணைகள் கூடியிருந்தால் எழுத்தில் கேளுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், கட்டணமில்லை. வீட்டுக்கடன் நிதி நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் புகார் செய்யுங்கள்.