வீட்டுக்கு ஒரு மடிக்கணினி: பெயரைப் பார்ப்பதா, உள்ளே இருப்பதைப் பார்ப்பதா?

பிளஸ் டூ முடிவுகள் வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கியதும் பெற்றோர் நம்மைத் தேடி வந்து கேட்கும் கேள்விகளில் இப்போது இதுவும் சேர்ந்துவிட்டது: “சார், பொண்ணுக்கு லேப்டாப் எடுக்கோணுங்க. எதுங்க நல்லது?” கேட்பவர் தறி ஓட்டுபவராக இருக்கலாம், லாரி ஓட்டுநராக இருக்கலாம், கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகும் தாயாக இருக்கலாம். மகளிர் குழுவில் கடன் எடுத்த நாற்பதாயிரம் ரூபாயுடன், நாம் சொல்லப்போகும் ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறார். நம் வீட்டிலும் இதே தேவைதான். எமிஸ் பதிவு, வினாத்தாள் தட்டச்சு, வருமான வரிக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரே கணினியில் நடந்தாக வேண்டும்.

ஒரு கம்பெனிப் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் ஒரே கம்பெனிதான் பத்து ஆண்டு உழைப்பதையும் விற்கிறது, பத்து மாதத்தில் சலிப்பூட்டுவதையும் விற்கிறது. பெட்டியின் மேல் உள்ள பெயரைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு நமக்குத் தெரிந்த ஓர் அளவுகோல் உண்டு. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்தத் தொடக்ககாலக் கணினிகளில் 2 ஜிபி ராமும் 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. 2025–26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கணினிகள் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு எல்காட் விடுத்த ஒப்பந்தப்புள்ளியில் 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கேட்கப்பட்டிருந்தன. பிராசசர், இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3 வகை. ராம் நான்கு மடங்காகிவிட்டது. சேமிப்பிடமோ 320-லிருந்து 256-ஆகக் குறைந்திருக்கிறது. ஏன்?

ராம் என்பது நாம் உட்கார்ந்து வேலை செய்யும் மேசை. சேமிப்பிடம் என்பது பீரோ. மேசை அகலமாக இருந்தால் நாற்பது விடைத்தாள்களையும் மதிப்பெண் பதிவேட்டையும் ஒன்றாகப் பரப்பி வேலை பார்க்கலாம். சிறிதாக இருந்தால் ஒவ்வொரு தாளுக்கும் எழுந்து பீரோவுக்குப் போய்வர வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க் என்ற பீரோவில் ஒரு தட்டு சுழன்றுகொண்டே இருக்கும்; அதன் மேல் ஒரு முள் நகர்ந்து தகவலைத் தேடி எடுக்கும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. அதனால் பல மடங்கு வேகம், கைதவறினாலும் சேதம் குறைவு. இந்த வேகத்துக்காகத்தான் கொள்ளளவு குறைந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்கிறார்கள்.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம் போதும் என்று மைக்ரோசாப்ட் சொல்கிறது. இயங்கும், உண்மைதான், நிம்மதியாக வேலை செய்ய விடாது. இந்தக் குறைந்தபட்ச அளவில், எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பகத்துடன், செலரான் பிராசசர் போட்டு மலிவாக வரும் கணினிகளைத்தான் ஏழைப் பெற்றோர் முதலில் பார்க்கிறார்கள். அவற்றை வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம். 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி என்பது தொடக்கக்கோடு. பணம் இருந்தால் 16 ஜிபி, 512 ஜிபி.

கடையில் யாரும் தாமாகச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. சில கணினிகளில் ராம் தனிச் சில்லாகச் செருகப்பட்டிருக்கும்; பிறகு கூட்டிக்கொள்ளலாம். சிலவற்றில் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள்; வாங்கிய நாளில் என்னவோ அதுதான் கடைசிவரை. எடுத்துக்காட்டாக, ரைசன் 3 7320யூ பிராசசர் உள்ள கணினிகளில் ராம் பற்றவைக்கப்பட்டதாகவே வரும். அதை 8 ஜிபியில் வாங்கினால் மூன்றாம் ஆண்டில் கூட்ட வழியில்லை. “ராம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா?” என்று கேளுங்கள். விற்பனையாளர் விழித்தால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து கம்பெனி இணையதளத்தில் பாருங்கள். நாற்பதாயிரத்தை அன்றே கொடுத்துவிட வேண்டிய அவசரம் ஒன்றுமில்லை. ஆஃபர் அடுத்த வாரமும் வரும், வேறு பெயரில்.

பிராசசர் பற்றிப் பெரிதாகக் குழம்ப வேண்டியதில்லை. வீட்டு வேலைக்கு ஐ3 போதும். பெயரில் ஏமாறாமல் இருந்தால் சரி: ஐ3-1215யூ என்றால் 12-ஆம் தலைமுறை. பழைய தலைமுறை ஐ5-ஐவிடப் புதிய ஐ3 மேலாக இருப்பதுண்டு. ஏஎம்டியின் 7320யூ எண்ணில் 7 என்பது 2023-ஆம் ஆண்டு வரிசை. மூன்றாவதாக உள்ள 2 உள்வடிவமைப்பு பழையது என்பதைக் காட்டுகிறது.

திரை 1920 × 1080 புள்ளிகள் கொண்டதாக இருக்கட்டும். 1366 × 768 திரையில் மதிப்பெண் பட்டியலின் பாதி நெடுவரிசைகள் வெளியே போய்விடும். கண்ணாடிபோல் மின்னும் திரையைவிட மங்கலான பரப்புள்ள திரை, திண்ணையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு நல்லது. ‘ஐபிஎஸ்’ வகையா என்றும் கேளுங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது.

நம் பகுதிக்கென்று இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று வெப்பம். பல கணினிகள் 35 டிகிரி வரையிலான அறை வெப்பத்துக்காகவே வடிவமைக்கப்படுகின்றன. சேலம், நாமக்கல் கோடையில் ஓட்டு வீட்டுக்குள் அதைத் தாண்டிவிடும். கட்டில் மெத்தையில் வைத்தால் அடியில் உள்ள காற்றுத்துளை அடைபடும். மரப்பலகையில் வையுங்கள். பேட்டரி 80 விழுக்காட்டோடு நிற்கும்படி அமைக்கும் வசதி பல கணினிகளில் உண்டு. எப்போதும் மின்இணைப்பிலேயே வைப்பவர்கள் அதைப் பயன்படுத்தினால் பேட்டரி நீண்டநாள் உழைக்கும்.

இரண்டாவது, பழுது பார்ப்பது. இராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ இருப்பவர் ஒவ்வொரு சிறு பழுதுக்கும் பையைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏற வேண்டுமா, ஆள் வீட்டுக்கே வருவாரா? ‘ஆன்சைட்’ வாரண்டி என்று எழுதியிருந்தாலும் நம் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு அது பொருந்துமா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. இலவச பேக், மவுஸைவிட இது பெரிய ஆதாயம்.

விலை குறைவாகத் தெரியும் சில கணினிகளில் விண்டோஸ் இருக்காது. ‘டாஸ்’ என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். திருட்டு விண்டோஸைப் போட்டுத் தருகிறோம் என்பவரிடம் வருமான வரிக் கடவுச்சொல்லை ஒப்படைப்பது போலாகிவிடும். எம்எஸ் ஆபீஸ் ஆயுளுக்கா, ஓராண்டுக்கா என்றும் பாருங்கள். லிப்ரே ஆபீஸ் இலவசம். வினாத்தாளுக்கு அது தாராளம். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருப்பதால் தனி மென்பொருள் தேவையில்லை. வானவில் எழுத்துருவில் உள்ள பழைய வினாத்தாள்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிளஸ் டூவில் வாங்கிய அரசு மடிக்கணினி பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அந்தக் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 பொருந்தாது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஓர் எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் நிறுவினால் தம்பி, தங்கையின் பள்ளிப் பாடத்துக்குப் போதும். பழைய கணினியை விலைக்கு வாங்குபவர்கள் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம்.

வாங்கிய அன்றே ஜிஎஸ்டி பில்லில் உள்ள வரிசை எண், அட்டைப்பெட்டி எண், கணினியின் அடியில் உள்ள எண் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். அந்த எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் இட்டால் வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்று தெரியும். ஆறு மாதம் முன்பே தொடங்கியிருந்தால், பில்லோடு மறுநாளே கடைக்குப் போய்த் தேதியைத் திருத்தச் சொல்லுங்கள்.