தண்டவாளத்தோடு வளர்ந்த பாட்டு

நம் சங்கத்துக் குடும்பங்களில் கிடார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்கள் வாயில் 'கன்ட்ரி மியூசிக்' என்ற பெயர் வந்தால், பெரியவர்களுக்கு அகலத் தொப்பியும் குதிரையும் பூட்ஸும்தான் நினைவுக்கு வருகின்றன. அது பிற்பாடு சினிமா போட்டுவிட்ட வேஷம். அந்த இசையை உண்டாக்கியவர்களில் பலர் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ரயில் பாதையிலும், நிலக்கரிச் சுரங்கத்திலும், பருத்திக் காட்டிலும் வேலை பார்த்த ஏழை ஜனங்கள். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்கள். போன இடத்தில் ஊரை நினைத்துப் பாடியவர்கள். அந்த வகையில் நமக்கு அது அந்நியமான சங்கீதம் அல்ல.

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, உத்தியோக காலம் முழுவதையும் பாதைப் பராமரிப்பிலேயே கழித்தவன் நான். ஆகவே இந்த இசைக்குள் நுழைய எனக்குத் தெரிந்த வழி ரயில் வழிதான். யாரைக் கேட்பது, எந்தக் கிடாரைக் கவனிப்பது, அரிய பதிவுகள் எவை என்று வரிசையாகச் சொல்கிறேன்.

பிரிஸ்டலில் பன்னிரண்டு நாட்கள்

டென்னசி, வர்ஜீனியா என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் பிரிஸ்டல் என்று ஓர் ஊர். ஊரின் பெரிய கடைத்தெருவே மாநில எல்லைக் கோடு. 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை விக்டர் இசைத்தட்டுக் கம்பெனியின் சார்பில் ரால்ஃப் பியர் என்பவர் அங்கே வந்து, தொப்பிக் கம்பெனி ஒன்றின் பழைய கிடங்கில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்தார். மலைப்பகுதியில் பாடத் தெரிந்தவர்களை வரவழைத்து, 19 குழுக்களிடமிருந்து 76 பாட்டுகளைப் பதிவு செய்தார். கன்ட்ரி இசையின் சரித்திரத்தில் இதைத்தான் பெரிய தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு தொழில்நுட்ப விஷயமும் உண்டு. 1925 வரை இசைத்தட்டுப் பதிவு என்றால், பெரிய ஊதுகுழல் போன்ற கூம்பின் முன் நின்று உரக்கப் பாட வேண்டும். கிடார் போன்ற மெல்லிய சத்தம் அதில் சரியாகப் பதியாது. 1925இல் மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் பதிவுக்கு வந்தபின் நிலைமை மாறியது. சாதாரணக் குரலில் பாடுகிறவரையும், அவர் மடியில் இருக்கும் கிடாரையும் தெளிவாகப் பிடிக்க முடிந்தது. பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம்தான் ஓடும். அந்தக் காலத்துப் பாட்டுகள் எல்லாம் மூன்று நிமிஷத்தில் கதை சொல்லி முடித்துவிடுவதற்கு அதுவே காரணம்.

பிரேக்மேன் பாடகர்

பிரிஸ்டலில் பாட வந்தவர்களில் ஒருவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். 1897இல் பிறந்தவர்; மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் ஊர்க்காரர். அவருடைய தகப்பனார் மொபைல் அண்டு ஓஹையோ ரயில்வேயில் பாதைப் பராமரிப்பு ஃபோர்மேன். நம் கணக்கில் கேங் மேஸ்திரி. சிறுவயதில் ஜிம்மி கேங்குக்குத் தண்ணீர் சுமந்தார். கேங்கில் இருந்த கறுப்பினத் தொழிலாளர்களிடம்தான் பாட்டும் தாளமும் கற்றார். பாதை விலகியதை நேராக்கும்போது ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் கடப்பாரையை ஒரே மூச்சில் நெம்புவார்கள். நம் ஊர் கேங்மேன்களும் அப்படியே செய்வதைப் பார்த்தவர்களுக்கு, பாட்டு எங்கே பிறக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

பின்பு அவர் பிரேக்மேன் ஆனார். காற்றழுத்த பிரேக் வருவதற்கு முன், ஓடும் கூட்ஸ் வண்டியின் கூரைமேல் நடந்து ஒவ்வொரு வேகனின் கைப்பிரேக்கையும் திருகுவது பிரேக்மேன் வேலை. ராட்ஜர்ஸ் காலத்தில் வேகன்களைக் கோர்ப்பது, பாயின்ட் மாற்றுவது, கொடி காட்டுவது என்று அது மாறியிருந்தது. 1924இல், 27 வயதில், அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. ரயில் உத்தியோகத்தில் நீடிக்க முடியவில்லை. பாட்டே பிழைப்பாயிற்று.

அடுத்த ஆறு ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகள் பதிவு செய்தார். அவருடைய 'புளூ யோடல்' வரிசைதான் மிகப் பிரசித்தம். கிஷோர் குமார் பாட்டுகளில் குரல் சட்டென்று உடைந்து மேலே ஏறி இறங்குமே, அந்த யோட்லிங்தான். முதலில் கேட்க வேண்டியது 1928இல் பதிவான 'வெயிட்டிங் ஃபார் எ டிரெயின்'. வாயாலேயே ரயில் விசில் ஊதித் தொடங்குகிறார். கையில் காசில்லாமல் கூட்ஸ் வண்டியில் ஏறி ஊருக்குப் போகப் பார்க்கும் ஒருவனை, பிரேக்மேன் இறக்கிவிடுகிறான். இறக்கிவிடப்பட்டவனின் பக்கம் நின்று பாடுகிறவர், தானே பிரேக்மேனாக இருந்தவர். ரயில் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டு எளிதில் மறக்காது.

1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசிப் பதிவு. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே கட்டிலில் படுத்து இளைப்பாறினார். பதிவு முடிந்து இரண்டு நாளில், மே 26ஆம் தேதி, காலமானார். வயது 35. அவர் உடல் ரயிலில்தான் மெரிடியன் திரும்பியது. 1961இல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கியபோது முதலில் சேர்க்கப்பட்ட மூவரில் அவரும் ஒருவர்.

விபத்தும் ஒரு பாட்டு

1903 செப்டம்பர் 27 அன்று வர்ஜீனியாவில் டான்வில் ஊருக்கு அருகே 97ஆம் நம்பர் தபால் வண்டி, இறக்கத்தில் வேகம் குறையாமல் வந்து, பாலத்து வளைவில் தடம் புரண்டு கீழே விழுந்தது. 11 பேர் இறந்தார்கள். வண்டி ஏற்கெனவே தாமதம். தாமதத்தை ஈடுகட்டும் அவசரம். பாதைக்காரன் கண்ணில் இது மிகப் பழகிய கதை. வேகக் கட்டுப்பாட்டு போர்டை நாங்கள் நடுவது ஒரு பக்கம், நேரம் தவறக்கூடாது என்ற நெருக்கடி மறுபக்கம். 'ரெக் ஆஃப் தி ஓல்டு 97' என்ற அந்தப் பாட்டை வெர்னன் டால்ஹார்ட் 1924இல் விக்டருக்குப் பாடினார். பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் கன்ட்ரி இசைத்தட்டு என்று அதைச் சொல்வார்கள்.

லேபிளில் வராத பெயர்கள்

பிரிஸ்டலுக்கு வந்த இன்னொரு குழு கார்ட்டர் குடும்பம்: ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல். மேபெலுக்கு அப்போது 18 வயது. நிறைமாதம் நெருங்கிய கர்ப்பிணி. அவர் வாசித்த முறை கிடார் வாசிப்பையே மாற்றியது. கட்டைவிரல் தடித்த தந்திகளில் மெட்டை வாசிக்கும். மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளைத் தடவித் தாளம் போடும். தாளத்துக்கு மட்டும் இருந்த கிடார் அவர் கையில் பாட ஆரம்பித்தது. 1928இல் பதிவான 'வைல்ட்வுட் ஃபிளவர்' இதற்கு நல்ல உதாரணம். கிடார் படிக்கும் பிள்ளைகள் இதிலிருந்து தொடங்கலாம்.

ஏ.பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் பாட்டுத் தேடிப் போனபோது கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிடார் கலைஞர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் வார்த்தைகளை எழுதிக்கொள்வார். மெட்டை ரிடில் மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து குடும்பத்துக்குக் கற்றுக்கொடுப்பார். இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. 1965இல் மைக் சீகர் என்ற இசைக்கலைஞர் தேடிப்போய் அவர் வாசிப்பை டேப்பில் பிடித்தார். அது 1993இல்தான் 'ஸ்டெப் பை ஸ்டெப்' என்ற ஆல்பமாக வெளிவந்தது. கார்ட்டர் குடும்பத்தைக் கேட்டபின் இதைக் கேளுங்கள். ஊற்று எங்கே என்று புரியும்.

டிஃபோர்ட் பெய்லி கதையும் அப்படித்தான். அவர் மவுத் ஆர்கன் கலைஞர். சின்சினாட்டிக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஓடிய பான் அமெரிக்கன் எக்ஸ்பிரஸை அப்படியே வாயில் கொண்டுவருவார். 1927இல் பதிவான 'பான் அமெரிக்கன் புளூஸ்' கேட்டால் வண்டி நகர்வதும், வேகம் பிடிப்பதும், விசில் தேய்வதும் தனித்தனியாகத் தெரியும். நாஷ்வில் வானொலியின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சிக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டதே இவர் வாசிப்பை ஒட்டித்தான். அதே நிகழ்ச்சி 1941இல் அவரை நீக்கியது. அதன்பின் ஷூ பாலிஷ் கடை வைத்துக் காலம் தள்ளினார். 1982இல் இறந்தார். ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2005இல்.

கட்டைவிரலின் வம்சம்

மேபெல் கார்ட்டருக்குப் பின் மூவரைக் கவனிக்க வேண்டும்.

கென்டக்கி நிலக்கரிப் பகுதியில் பிறந்த மெர்ல் டிராவிஸ் கட்டைவிரலால் தாளத்தையும் ஆள்காட்டி விரலால் மெட்டையும் ஒரே நேரத்தில் வாசித்தவர். கம்பெனிக் கடையில் கடன்பட்டு மீளாத சுரங்கத் தொழிலாளியைப் பற்றிய 'சிக்ஸ்டீன் டன்ஸ்' அவருடையது.

செட் அட்கின்ஸ் இளைஞராக இருந்தபோது டிராவிஸை வானொலியில் மட்டும் கேட்டார்; பார்க்கவில்லை. அத்தனை சத்தமும் ஒரு விரலில் வர முடியாது என்று நினைத்து, கட்டைவிரலோடு கூடுதல் விரல்களையும் பழக்கிக்கொண்டார். அதுவே அவருக்கென்று ஒரு பாணியாகிவிட்டது.

மூன்றாமவர் டாக் வாட்சன் (1923–2012). குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர். வயலினில் வேகமாக வாசிக்கும் நடன மெட்டுகளைச் சிறு பிளெக்ட்ரத்தால் கிடாரில் ஒன்றுவிடாமல் வாசித்தார். 1964இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பம் கிடார் மாணவர்களுக்கு ஒரு பாடப்புத்தகம்.

கன்ட்ரி இசையில் இழுத்து இழுத்து அழும் ஸ்டீல் கிடார் ஹவாய் தீவிலிருந்து வந்தது. கோட்டுவாத்தியத்தில் கட்டையைத் தந்திமேல் நகர்த்துவதுபோல், இதில் உலோகத் துண்டை நகர்த்துவார்கள். அதனால் நம் காது இதை உடனே ஏற்றுக்கொள்கிறது. இந்த வம்சத்தில் வந்த ஜெர்ரி டக்ளஸும் நம் விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்த 'போர்பன் அண்டு ரோஸ்வாட்டர்' (1995) கர்நாடக இசைப் பிரியர்களுக்கும் பிடிக்கும்.

ஊர் எப்போது வரும்?

ஜானி கேஷ் பாட்டில் கிடார் ரயில்போலவே ஓடும். 13 மீட்டர் தண்டவாளங்களை ஃபிஷ் பிளேட் வைத்து இணைத்த காலத்தில், ஒவ்வொரு ஜாயின்டிலும் சக்கரம் போட்ட 'தடக் தடக்' தாளம் நமக்கு நினைவிருக்கும். நீளமாக வெல்டிங் செய்த பாதை வந்தபின் அந்தச் சத்தம் மறைந்துவிட்டது. கேஷின் கிடார்க்காரர் லூதர் பெர்கின்ஸ் வாசிப்பில் அதைத் திரும்பக் கேட்கலாம். 1955இல் வந்த 'ஹே போர்ட்டர்' பாட்டில், ஊர் திரும்பும் ஒருவன் ரயில் சிப்பந்தியிடம், நம் எல்லை எப்போது வரும் என்று ஓயாமல் கேட்கிறான். டில்லியிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் போகும்போது, கூடூர் தாண்டியாச்சா என்று நம் வீட்டில் யாராவது கேட்காமல் இருந்ததுண்டா?

மெர்ல் ஹாகர்ட் (1937–2016) பிறந்த வீடே பழைய ரயில் பெட்டி. ரயில்வேயில் வேலை பார்த்த தகப்பனார் அதை வீடாக மாற்றியிருந்தார். ராட்ஜர்ஸ் பாட்டுகளை அவர் பாடிய 'சேம் டிரெயின், எ டிஃபரென்ட் டைம்' (1969) இரண்டு தட்டுத் தொகுப்பு. பழைய பதிவின் இரைச்சல் பிடிக்காதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

அரிய பதிவுகள்

ஒன்று: 1930 ஜூலை 16இல் ஹாலிவுட்டில் பதிவான 'புளூ யோடல் நம்பர் 9'. ராட்ஜர்ஸோடு டிரம்பெட் வாசிப்பவர் ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங். அவர் பெயரும் லேபிளில் இல்லை.

இரண்டு: 1950இல் ஹியூ டிரேசி கென்யாவில் பதிவு செய்த 'செமிரோச்சா'. ராட்ஜர்ஸின் இசைத்தட்டுகளைக் கேட்ட கிப்சிகிஸ் இனத்தார், அந்தப் பெயரையே திரித்து, பாதி மனிதன் பாதி மானான ஓர் ஆளாக்கிப் பாடினார்கள்.

மூன்று: எலிசபெத் காட்டன். இவரை நாட்டுப்பாடல் வரிசையில் வைப்பார்கள். ரயில் பாதை அருகே வளர்ந்தவர். இடது கைக்காரர் என்பதால் கிடாரைத் தலைகீழாகப் பிடித்தார். 'ஃபிரெயிட் டிரெயின்' அவர் சிறுமியாக இருந்தபோது கட்டிய பாட்டு. வீட்டு வேலை செய்துகொண்டிருந்த அவருடைய முதல் ஆல்பம் 1958இல்தான் வந்தது.

நான்கு: 'வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்' (1972). மேபெல் கார்ட்டர், டிராவிஸ், வாட்சன் மூவரும் இளைய தலைமுறைக் குழுவோடு சேர்ந்து வாசித்த மூன்று தட்டுத் தொகுப்பு. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இதை வாங்கலாம்.

இவற்றில் பெரும்பாலானவை இன்று கைபேசியிலேயே கேட்கக் கிடைக்கும். பிரிஸ்டல் பதிவுகள் முழுவதையும் ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் 2011இல் ஐந்து சி.டி.களாக வெளியிட்டது. நாளுக்கு இரண்டு பாட்டு போதும். முதல் தடவை கதைக்கு, இரண்டாம் தடவை கிடாருக்கு.

ஒரு வேண்டுகோள். யாரோ ஒருவர் டேப் ரெக்கார்டரோடு தேடிப் போனதால்தான் லெஸ்லி ரிடிலின் வாசிப்பு மிஞ்சியது. நம் வீடுகளின் பரண்களிலும் கேசட்டுகள் கிடக்கின்றன. பாட்டியின் தாலாட்டு, மாமாவின் வில்லுப்பாட்டு, கொலு பாட்டு என்று எத்தனையோ. நாடாவில் பூஞ்சை பிடித்தால் அந்தக் குரல்கள் திரும்பி வரா. இந்த விடுமுறையில் பிள்ளைகளைக் கொண்டு அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றும்போது பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று தவறாமல் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.