தடுப்பூசி போட்ட குஞ்சுக்கு எந்தத் தீவனம்?

பக்கத்துத் தெரு அக்கா போன வருஷம் 20 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கினார். "எல்லாத்துக்கும் தடுப்பூசி போட்டாச்சு" என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். அதனால், தீவனக் கடைக்காரர் மருந்து கலந்த ஸ்டார்ட்டரை எடுத்து வைத்தபோது, "ஊசி போட்ட குஞ்சுக்கு எதுக்குங்க மருந்து?" என்று மருந்தில்லாத மூட்டையை வாங்கி வந்துவிட்டார். நாலாவது வாரம் நல்ல மழை. கொட்டகைக்குள் ஈரம். எச்சத்தில் ரத்தம். மிஞ்சியது 7 குஞ்சுகள்.

எந்த நோய்க்கான தடுப்பூசி என்று அவர் கேட்கவில்லை.

பொரிப்பகத்தில் முதல் நாள் போடும் ஊசி பெரும்பாலும் மேரக்ஸ் நோய்க்கானது. 7-வது நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு வெள்ளைக்கழிச்சலுக்கு. 2-வது வாரத்தில் கம்போரோ. இவை மூன்றும் வைரஸ் நோய்கள். ரத்தக்கழிச்சல் அப்படியல்ல; குடலில் வளரும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியால் வருவது. அந்த மூன்றையும் போட்டிருந்தாலும் இது வரும். தீவனத்தில் கலக்கும் ஆம்ப்ரோலியம் இந்த ஒட்டுண்ணியை அடக்கத்தான். அது ஆன்டிபயாடிக் இல்லை. வைரஸ் தடுப்பு மருந்துகளின் பலனையும் குறைக்காது. தரையில், உமி பரப்பி வளர்ப்பவர்கள் தயங்காமல் கொடுக்கலாம்.

சில பொரிப்பகங்களில் ரத்தக்கழிச்சலுக்கே தடுப்பு மருந்து தருகிறார்கள். அப்போது கதை தலைகீழ்! அந்த மருந்தில் இருப்பது உயிருள்ள ஒட்டுண்ணிதான். அது குடலில் கொஞ்சம் வளர்ந்து, எச்சத்தில் வெளியேறி, குஞ்சு அதையே மறுபடி கொத்தித் தின்று, இப்படி இரண்டு மூன்று சுற்று வந்தால்தான் எதிர்ப்புச் சக்தி உருவாகும். நடுவில் ஆம்ப்ரோலியம் கொடுத்தால் அந்தச் சுற்று அறுந்துபோகும். தடுப்பு மருந்துக்குக் கொடுத்த காசு வீண். இந்தக் குஞ்சுகளுக்கு மருந்தில்லாத தீவனம்தான்.

இன்னொன்று. ஆம்ப்ரோலியம், ஒட்டுண்ணிக்கு பி1 வைட்டமின் கிடைக்காமல் செய்துதான் வேலை பார்க்கிறது. 'சத்துக்கு' என்று தண்ணீரில் பி1 டானிக்கைத் தாராளமாக ஊற்றினால் மருந்து மங்கிவிடும். எச்சத்தில் ரத்தம் பார்த்த பிறகு தீவனத்தில் இருக்கும் அளவு போதாது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மற்றபடி, மூட்டைச் சீட்டில் புரதம் 20 சதவீதமாவது இருக்கட்டும். முட்டைக்கோழித் தீவனம் மிச்சமிருக்கிறதே என்று குஞ்சுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள கூடுதல் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூஞ்சை வாடை அடித்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

அக்கா இந்த வருஷமும் குஞ்சு வாங்கினார். என்ன ஊசி போட்டது என்று விற்றவருக்கே தெரியவில்லையாம். அங்கேயே நின்று, பொரிப்பகத்துக்கு போன் போட வைத்து, பதிலைப் பெட்டி மேல் பேனாவால் எழுதி வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறியிருக்கிறார்.