வாயு தீர்ந்தால் நட்சத்திரம் இல்லை!

சேலம் மாவட்டத்தில் கஞ்சமலைக்குப் பக்கத்தில் இருக்கும் இளம்பிள்ளை எதற்குப் பெயர் பெற்றது, தெரியுமா? சேலைக்கு! அங்கே விசைத்தறிகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தறி எவ்வளவு நல்ல தறியாக இருந்தாலும் பாவு நூலும் ஊடை நூலும் தீர்ந்துவிட்டால் என்ன ஆகும்? தறி நின்றுவிடும். புதுச் சேலை வராது.

வானத்திலும் இதே கதைதான். அங்கே நெய்யப்படுவது நட்சத்திரங்கள். நெய்கிற தறிகள், கேலக்ஸிகள். நூல் எது? ஹைட்ரஜன் வாயு!

கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த பெரிய கூட்டம்தான் கேலக்ஸி. நாம் வசிக்கும் கேலக்ஸிக்குப் பால்வெளி என்று பெயர். குளிர்ந்த வாயு மேகம் தன் ஈர்ப்பு விசையாலேயே சுருங்கிச் சுருங்கி நட்சத்திரமாகிறது. நம் சூரியனும் சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இப்படித்தான் பிறந்தது. அன்று பால்வெளியில் வாயு தீர்ந்து போயிருந்தால் சூரியன் இல்லை, பூமி இல்லை, இதைப் படிக்க நீங்களும் இல்லை!

சரி, ஒரு கேலக்ஸியின் வாயு எப்படிக் குறைகிறது? அது எங்கே வசிக்கிறது என்பதும் இதில் முக்கியம்.

சிற்றூரும் பெருநகரமும்

நம் பால்வெளி ஒரு சிற்றூரில் இருக்கிறது. ஆண்ட்ரமீடா என்ற பெரிய கேலக்ஸியும் பல குட்டி கேலக்ஸிகளும்தான் நம் ஊர்க்காரர்கள். ஆனால் சில கேலக்ஸிகள் நெருக்கமான பெருநகரங்களில் வாழ்கின்றன. நூற்றுக்கணக்கில், ஏன் ஆயிரத்துக்கும் மேல்கூட ஒன்றாகக் கூடியிருக்கும். இவற்றைக் கேலக்ஸிக் கொத்து என்பார்கள். அப்படிக் கூட்டமாக வாழ்வதில் மூன்று ஆபத்துகள் உண்டு.

முதல் ஆபத்து, காற்று! கொத்தில் உள்ள கேலக்ஸிகளுக்கு நடுவே கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள மெல்லிய வாயு நிறைந்திருக்கிறது. அதற்குள் ஒரு கேலக்ஸி நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாத நாளிலும் வேகமாக சைக்கிள் மிதித்தால் முகத்தில் காற்று அடிக்கும் அல்லவா? அதுபோல எதிர்க்காற்று அடித்து, கேலக்ஸியின் குளிர்ந்த வாயுவை உருவிக்கொண்டு போய்விடும். நட்சத்திரங்கள் மட்டும் அப்படியே இருக்கும். உருவப்பட்ட வாயு பின்னால் வால் வாலாகத் தொங்கும். பார்ப்பதற்கு ஜெல்லி மீன் போலவே இருப்பதால் இவற்றை 'ஜெல்லி மீன் கேலக்ஸி' என்றே அழைக்கிறார்கள். 2015-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்ட நமது அஸ்ட்ரோசாட் விண்கலம், ஜே.ஓ.201 என்ற ஜெல்லி மீன் கேலக்ஸியைப் படம் எடுத்தது. அதன் வாலில்கூடப் புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருந்தன!

இரண்டாவது ஆபத்து, பக்கத்து கேலக்ஸிகள். அவை அருகில் கடந்து போகும்போது தங்கள் ஈர்ப்பு விசையால் வாயுவை இழுத்துக் கலைத்துவிடும். மூன்றாவது, வரத்து நின்றுபோவது. தனியாக இருக்கும் கேலக்ஸிக்கு வெளியில் இருந்து புது வாயு வந்து சேரலாம். கொத்துக்குள் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

புனே அருகே ஒரு பெரிய காது

பக்கத்தில் உள்ள கொத்துகளில் வாயு குறைவு என்று விஞ்ஞானிகளுக்கு ஏற்கெனவே தெரியும். வெகு காலத்துக்கு முன்பு எப்படி இருந்தது? அதைக் கண்டுபிடிக்க உதவியது நம் இந்தியத் தொலைநோக்கி. மகாராஷ்டிரத்தில் புனே அருகே கோடாட் என்ற ஊரில் இருக்கிறது ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 கிண்ணங்கள், 25 கிலோமீட்டர் பரப்பில் சிதறி நின்று ஒரே காதுபோல வேலை செய்கின்றன. இதை உருவாக்கியவர் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப். அதற்கு முன்பே நம் ஊட்டியில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை அமைத்தவரும் அவர்தான்!

ஹைட்ரஜன் வாயு 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலையை வெளியிடும். ஆபெல் 370 என்ற கொத்தில் இருந்து அந்த அலை நம்மை வந்து சேர சுமார் 400 கோடி ஆண்டுகள் ஆகின்றன. வருகிற வழியில் பிரபஞ்சம் விரிவதால், அலையும் நீண்டு சுமார் 29 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. அதாவது, அந்தக் கொத்து 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எப்படி இருந்ததோ, அதைத்தான் நாம் இன்று பார்க்கிறோம்.

அவ்வளவு தூரத்தில் இருந்து வரும் ஒரு கேலக்ஸியின் குரல் கேட்கவே கேட்காது. அதனால் ஆஸ்திரேலிய, இந்திய விஞ்ஞானிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். வகுப்பில் ஒரு மாணவர் முணுமுணுத்தால் கேட்காது. எல்லோரும் ஒரே சொல்லைச் சேர்ந்து முணுமுணுத்தால்? கேட்டுவிடும்! அப்படி, ஆபெல் 370-லும் அதைச் சுற்றியும் உள்ள 324 கேலக்ஸிகளின் அலைகளை ஒன்றாகக் கூட்டினார்கள். 2009-ல் முடிவு வெளியானது.

ஒரு கேலக்ஸிக்குச் சராசரியாகச் சுமார் 660 கோடி சூரியன்களின் எடை அளவுக்கு ஹைட்ரஜன் இருந்தது! நமக்கு அருகில் உள்ள கோமா கொத்தைச் சுற்றி இருப்பதைவிட, அங்கே மொத்த வாயு 8 மடங்கு வரை அதிகம். ஆனால் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. கொத்தின் நடுவே நெருக்கடியில் இருந்த கேலக்ஸிகளிடம் வாயு குறைவு. ஓரத்தில் இருந்தவற்றிடம் அதிகம்.

இதில் இருந்து என்ன தெரிகிறது? கூட்டத்தின் நெருக்கடி 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது. இருந்தாலும் அப்போது நூல் நிறைய இருந்தது. அங்கே நட்சத்திரங்கள் பிறந்த வேகத்தைக் கணக்கிட்டால், அந்த வாயு முழுவதும் இன்றைக்குள் தீர்ந்துபோயிருக்கலாம்.

நம் பால்வெளியோ சிற்றூர்க்காரர் என்பதால் இன்னும் வாயுவைக் கையில் வைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு சூரியன்களின் எடை அளவுக்குப் புது நட்சத்திரங்களை இன்றும் நெய்துகொண்டிருக்கிறது.

நீங்களே பாருங்கள்!

மே மாதம் இரவு 9 மணிக்குமேல் மொட்டை மாடிக்குப் போங்கள். தெற்குப் பக்கம் உயரத்தில் நீலவெள்ளையாக மின்னும் சித்திரை நட்சத்திரத்தைத் தேடுங்கள். அங்கிருந்து வடக்கே, கிட்டத்தட்ட உச்சிவானத்தில் இருக்கிறது கன்னிக் கொத்து. நமக்கு மிக அருகில் உள்ள பெரிய கேலக்ஸி நகரம் அது. தூரம் சுமார் 5 கோடி ஒளி ஆண்டுகள்! வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெறுமையாகத் தெரியும் அந்த இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் இருக்கின்றன என்று உங்கள் தம்பி, தங்கைக்குக் கைநீட்டிக் காட்டலாமே!